கல்பாசி தாவரமா, பூஞ்சையா? வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க முடியுமா?

தாவரம் இல்லை. பெரும்பகுதி பூஞ்சைதான், ஆனால் தனித்து வாழும் பூஞ்சை அல்ல. செட்டிநாட்டுச் சமையலில் எண்ணெய் காய்ந்ததும் தாளிக்கப் போடுகிறோமே, அந்தக் கல்பாசி ஒரு லைக்கன். பார்மோட்ரீமா பெர்லாட்டம் என்பது அதன் அறிவியல் பெயர். ஒரு பூஞ்சையும் ஒரு பச்சைப்பாசியும் பிரிக்க முடியாதபடி சேர்ந்து ஓர் உடலாக வாழ்கின்றன.

அஞ்சறைப் பெட்டியில் இருந்தால் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மேற்புறம் சாம்பல் நிறம், அடிப்புறம் கறுப்பு. மெதுவாகக் கிழித்தால் நடுவில் வெள்ளையாக ஓர் அடுக்கு தெரியும். அது முழுக்கப் பூஞ்சை இழை. அதற்கு மேலே, சாம்பல் நிறத் தோலை ஒட்டினாற்போல, டிரெபௌக்சியா என்ற ஒற்றைச் செல் பாசி மெல்லிய படலமாகக் குடியிருக்கிறது. துண்டின் விளிம்பில் மாவு தூவியதுபோல் ஒரு பொடி ஒட்டியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பொடிதான். ஒவ்வொரு துகளிலும் சில பாசிச் செல்கள், அவற்றைச் சுற்றிப் பூஞ்சை இழைகள். காற்றோ மழையோ அதை வேறொரு மரப்பட்டையில் சேர்த்தால், இரண்டும் ஒன்றாகவே அங்கே வாழத் தொடங்குகின்றன.

பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்து, ரிபிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலாகப் பூஞ்சைக்குத் தருகிறது. கடும் வெயிலும் வறட்சியும் பாசியைத் தாக்காமல் பூஞ்சை காக்கிறது. மரத்திலிருந்து இவை எதையும் உறிஞ்சுவதில்லை. பட்டை வெறும் இடம்தான். நீரும் தாதுக்களும் மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் வருகின்றன. அதனால்தான் கந்தக டை ஆக்சைடு மிகுந்த காற்றில் பெரும்பாலான லைக்கன்கள் தாங்குவதில்லை.

இந்தக் கூட்டு வாழ்க்கையை 1860களின் இறுதியில் எடுத்துச் சொன்னவர் சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் சைமன் ஷ்வென்டனர். அன்றைய லைக்கன் நிபுணர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். அவரோ பூஞ்சையை எஜமான் என்றும் பாசியை அடிமை என்றும் வர்ணித்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. டிரெபௌக்சியா அரிதாகவேனும் தனியாக வாழ்வதைப் பார்க்கலாம். லைக்கன் பூஞ்சை இயற்கையில் தனித்து வாழ்வதே இல்லை எனலாம். ஆய்வகத்தில் பிரித்து வளர்த்தாலும் அது உருவமற்ற கட்டியாகத்தான் வளர்கிறது. பாசி வந்து சேர்ந்தால்தான் இதழ் இதழாக விரியும் அந்த வடிவமே உண்டாகிறது. அப்படியானால் யார் யாரை நம்பி வாழ்கிறார்கள்?

கணக்கு இரண்டோடு முடியவும் இல்லை. லைக்கன் ஆய்வாளர் டோபி ஸ்ப்ரிபில் குழுவினர் 2016இல், வேறு சில லைக்கன்களின் வெளித்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் சேர்ந்திருப்பதைக் காட்டினார்கள்.

இனி தோட்டக் கேள்விக்கு வருகிறேன். விதையோ பதியனோ வைத்துக் கல்பாசியை வளர்க்க முடியாது. பிரித்த இரண்டையும் ஆய்வகத்தில் மறுபடி முழு லைக்கனாகச் சேர்ப்பதே பெரும்பாடு. இயற்கையிலும் இவ்வகை இலை வடிவ லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். கடையில் கிடைப்பது மலைக்காடுகளின் மரங்களிலிருந்தும் பாறைகளிலிருந்தும் சுரண்டி எடுத்தது. பெரும்பாலும் ஒரே பொட்டலத்தில் பல வகை லைக்கன்கள் கலந்திருக்கும். ஒரு மரத்தை மொத்தமாகச் சுரண்டிவிட்டால் அதில் பழைய அளவு திரும்ப வரப் பல ஆண்டுகள் ஆகும்.