பப் நேர நீட்டிப்புக்கு ஆட்சேபம் எழுதுவது

வெள்ளி, சனி இரவுகளில் 11 மணிக்கு மூடும் பப் இனி 1 மணி வரை திறக்க விண்ணப்பித்திருக்கிறது, அதன் பின்தோட்டம் உங்கள் படுக்கையறைக்கு நேரெதிரே, இதற்கு எப்படி ஆட்சேபம் எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பப் வாசலில் ஒட்டியிருக்கும் வெளிர்நீல அறிவிப்பில் கடைசித் தேதியைப் பாருங்கள். இங்கிலாந்தில் விண்ணப்பம் கொடுத்த மறுநாளிலிருந்து 28 நாள்தான் அவகாசம்.

வீட்டு விலை இறங்கும், பார்க்கிங் கிடைக்காது என்றெல்லாம் எழுதாதீர்கள், எடுபடாது. 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம் பார்ப்பது நான்கே விஷயம்: குற்றமும் ஒழுங்கீனமும், பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லை, குழந்தைகளைத் தீங்கிலிருந்து காப்பது. உங்கள் ஆட்சேபம் பொதுத் தொல்லையில் வரும். எந்த இரவு, எத்தனை மணிக்கு, என்ன சத்தம் என்று இப்போதே குறித்து வையுங்கள். உரிமம் வழங்கும் உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவிடமும் புகார் பதிவு செய்யுங்கள். விண்ணப்பத்தின் மீது கவுன்சில் நடத்தும் விசாரணையில் அவர்கள் சொல்லுக்கு எடை அதிகம்.

"வேண்டவே வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல், நிபந்தனைகளையும் கேளுங்கள். தோட்டத்தை 10 மணிக்கு மூடுவது, இசை இருக்கும்போது கதவு சன்னலைச் சாத்துவது, காலி பாட்டில்களை இரவில் கொட்டாதது. முழு நிராகரிப்பைவிட இவை கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. ஒன்று, உங்கள் பெயரும் முகவரியும் பொதுவாக பப்காரருக்குப் போகும். தயக்கமிருந்தால் முன்பே கவுன்சிலிடம் பேசுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டாலும் தொல்லை தொடர்ந்தால் உரிமத்தை மறுபரிசீலனை செய்யக் கோரலாம். அப்புறம், அந்தக் கட்டடத்தின் பயன்பாட்டுக்கான திட்ட அனுமதியில் (planning permission) பழைய நேரக் கட்டுப்பாடு ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். அது தனிச் சட்டம்.