பேய்ப் படம் பார்த்தால் பயத்தைக் கையாளப் பழகலாமா?

ஓரளவுக்குப் பழகலாம். பேய்ப் படம் தருவது ஆபத்தில்லாத பயம். உடல் அஞ்சினாலும், வீட்டு நாற்காலியில்தான் இருக்கிறோம் என்பது மனத்துக்குத் தெரியும்.

திரையில் கதவு மெல்லத் திறக்கும்போது, மெய்யா பொய்யா என்று ஆராய்வதற்கு முன்பே மூளையின் அமிக்டலா என்னும் சிறு பகுதி எச்சரிக்கை விடுக்க, அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. சற்றுத் தாமதமாக, நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதி ‘இது படம்தான்’ என்று அந்தப் பதற்றத்தை அடக்குகிறது. பயிற்சி கிடைப்பது இந்த அடக்கும் வேலைக்குத்தான். கொரோனாக் காலத்தில் பேய்ப் பட ரசிகர்களிடம் மன உளைச்சல் குறைவாக இருந்ததாக 2021இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. ஆனால் மனத்திடம் உள்ளவர்களே அத்தகைய படங்களை நாடியிருக்கவும் கூடும்.

இதை மலைப்பாதையில் வண்டி ஓட்டப் பழகுவதோடு ஒப்பிடலாம். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. புதிதாக வண்டி ஓட்டுபவர், அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு முதல் கியரில் அதில் இறங்கும்போது பயம் போய்விடுவதில்லை. கை நடுங்கினாலும் பதறி பிரேக்கை மிதிக்காமலிருக்கப் பழகுகிறார். தகரக் கூரை சடசடக்கும் குன்னூர் மழையிரவில் பேய்ப் படம் பார்ப்பவரும், ஒலியைக் குறைத்தோ விளக்கைப் போட்டோ, தம்மால் தாங்க முடிந்த அளவைத் தாமே தீர்மானிக்கிறார். இதில் கிடைக்கும் உருப்படியான பழக்கம் அதுவே என்பது என் எண்ணம்.

அலறுபவர் கோழை, அசையாமல் பார்ப்பவர் தைரியசாலி என்று பலர் நினைப்பது தவறு. அலறல் என்பது தும்மலைப் போலத் தானாக வரும் உடலின் எதிர்வினை மட்டுமே.