ரெட் ஏல் காய்ச்ச 450 யூரோ மெஷின் வேண்டுமா?

கேள்வி: டப்ளினில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். ஸ்மித்விக்ஸ் பீர் குடித்துப் பழகியதில், ஐரிஷ் ரெட் ஏல் என்ற அந்தச் சிவப்பு பீரைத் தானியத்திலிருந்தே வீட்டில் தயாரித்துப் பார்க்க ஆசை வந்துவிட்டது. கடையில் 450 யூரோவுக்கு மின்சார மெஷின் காட்டுகிறார்கள். டின்னில் வரும் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) பாகு கிட் 30 யூரோதான். எதை வாங்குவது?

பதில்: முதலில் பப்பில் ‘ஸ்மித்திக்ஸ்’ என்று கேளுங்கள். நடுவில் இருக்கும் ‘வ’வை இங்கே யாரும் உச்சரிப்பதில்லை. 1710-இல் கில்கென்னியில் தொடங்கிய பெயர் அது. 2013-இல் அங்கே காய்ச்சுவதை நிறுத்தி டப்ளினுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம். இரண்டுமே வேண்டாம். டின் கிட்டில் பீர் வரும், ஆனால் தானியம் ஊறும் வாசனையும் அந்த வேலையும் கிடைக்காது. நீங்கள் கேட்பதே அதைத்தானே. மெஷின் நல்ல பொருள்தான். ஆனால் நாலு தடவை காய்ச்சிவிட்டு அலுத்துப்போனவர்களின் மெஷின்கள் பாதி விலைக்கு மறுவிற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஆசை ஒரு வருடம் நிலைத்தால் அப்போது அப்படி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் 20 லிட்டர் எவர்சில்வர் பிரியாணி அண்டா இருக்கிறதா? அது போதும். அதற்கேற்ற மெல்லிய நைலான் பை ஒன்று வாங்குங்கள். எல்லாரும் 20 லிட்டர் பீருக்குத்தான் அளவு சொல்வார்கள், நீங்கள் 10 லிட்டரில் தொடங்குங்கள். சமையலறை அடுப்பில் 20 லிட்டர் பீருக்கு வேண்டிய 28 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

10 லிட்டருக்கு: பேல் ஏல் மால்ட் 2 கிலோ (மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி ரகம் கிடைத்தால் நல்லது), கிரிஸ்டல் மால்ட் 100 கிராம், வறுத்த பார்லி 30 கிராம். பீருக்குக் கசப்பு தரும் பூவான ஹாப்ஸுக்கு ‘ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்’ ரகம் 18 கிராம். பாக்கெட்டில் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 5 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதிகம் என்றால் கிராமைக் குறையுங்கள். ஈஸ்ட்டுக்கு சேஃபேல் எஸ்-04 ஒரு பாக்கெட்.

15 லிட்டர் தண்ணீரைச் சூடாக்கிப் பையோடு தானியத்தை இறக்கி, 67 டிகிரியில் ஒரு மணி நேரம் கம்பளி போர்த்தி வையுங்கள். பையைத் தூக்கிப் பிழிந்துவிட்டு, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஆறவைத்து, மூடியுள்ள வாளியில் ஊற்றி ஈஸ்ட் தூவினால் உங்கள் வேலை முடிந்தது. 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம். அயர்லாந்துக் குளிரால் இந்த ஒரு லாபம் உண்டு. இதற்கென்று தனியாக ஃபிரிட்ஜ் வேண்டாம்.

மெஷினில் மிச்சமான காசில் நல்ல தெர்மாமீட்டர் வாங்குங்கள். 67 என்று காட்டிவிட்டு உண்மையில் 72 இருந்தால் பீர் தித்திப்பாகக் கனத்துப்போகும். 63 என்றால் தண்ணீராக மெலிந்துபோகும். வாங்கியதும் ஐஸ் போட்ட தண்ணீரில் நுழைத்துப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்காவிட்டால் அன்றைக்கே கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் ஒன்று. தொடக்கத்தில் 1.044, முடிவில் 1.011 அளவில் வந்தால் நாலரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான ஆல்கஹால், ரெட் ஏலுக்குச் சரியான பதம்.

குழாய்த் தண்ணீரின் குளோரினை மட்டும் விட்டுவைக்காதீர்கள், பீரில் மருந்துக்கடை வாசனை அடிக்கும். கேம்ப்டன் மாத்திரையில் கால் துண்டைப் பொடித்துப் போட்டால் 15 லிட்டருக்குப் போதும்.

கேள்வி: சிவப்பு நிறத்துக்கென்று தனி மால்ட்டை ஒன்றரை மடங்கு விலைக்கு விற்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். மேலே சொன்ன 30 கிராம் வறுத்த பார்லி, ஒரு சின்னக் கைப்பிடிதான், அந்த நிறத்தையும் கடைசி மடக்கில் வரும் வறண்ட சுவையையும் தந்துவிடும். ஆனால் தராசில் நிறுத்துப் போடுங்கள். முதல் தடவை நான் ‘இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்’ என்று 150 கிராமை அள்ளிப் போட்டேன். ஊற்றிய கிளாஸைக் கையில் வாங்கிய நண்பர், “ஸ்டௌட் நல்லா வந்திருக்கே” என்று, அதைக் கறுப்பு பீராகவே நினைத்துப் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

கேள்வி: கார்க்கில் இருக்கிறேன். பிரிட்டனிலிருந்து ஆன்லைனில் மால்ட் வரவழைத்தேன். உடைக்காத மால்ட் கேட்டேன், உடைத்தது வந்தது, மூட்டையும் கிழிந்திருந்தது. வாட் (மதிப்புக் கூட்டு வரி) வேறு தனியாகக் கட்டினேன். பணம் திரும்பக் கிடைக்குமா? உடைக்காதது வந்திருந்தால் மிக்ஸியில் உடைத்திருக்கலாமா?

பதில்: 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பார்சல் எவ்வளவு சிறியதானாலும் வாட் உண்டு. பில் போடும்போதே கடைக்காரர் சேர்த்துவிட்டாரா என்று பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்றால் பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அயர்லாந்தின் 2022 நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இதற்கு 30 நாள் அவகாசம். ஆனால் கடல் தாண்டிய கடையோடு சட்டம் பேசுவது லேசல்ல. கிழிந்த மூட்டை, லேபிள், ஆர்டர் விவரம் மூன்றையும் படம் எடுத்து இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். மசியாவிட்டால் கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது, கேளுங்கள். ஒன்று கவனியுங்கள்: ‘உடைத்துக் கலந்து தாருங்கள்’ என்று நீங்களே சொல்லி வாங்கியதை, மனம் மாறியதற்காக 14 நாளில் திருப்ப முயன்றால் ‘உங்களுக்கென்றே தயாரித்தது’ என்று மறுத்துவிடலாம்.

மிக்ஸி அவசரத்துக்கு ஆகும், பல்ஸில் இரண்டு சுற்று மட்டும். உள்ளிருப்பது ரவையாக உடைய வேண்டும், உமி தூளாகக் கூடாது. தூளானால் பீரில் துவர்ப்பு ஏறும். காற்றுப் புகாத டப்பாவில் உடைக்காத மால்ட் மாதக்கணக்கில் கிடக்கும். உடைத்ததைச் சில வாரங்களில் காலி செய்துவிடுங்கள். இரண்டு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள்: மொறுமொறுவென்று உடைந்தால் நல்லது, நமத்துப்போயிருந்தால் காய்ச்சாதீர்கள்.

கேள்வி: ஊறுகாய், ஜாம் பாட்டில்களில் பீரை நிரப்பலாமா?

பதில்: கூடவே கூடாது. உள்ளே வாயு அழுத்தம் ஏறி, கண்ணாடி வெடித்துச் சிதறும். மூடி அழுத்தி அடைக்கும் பீர் பாட்டில், இல்லையென்றால் சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில். ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணில் நின்ற பிறகே, 10 லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை சேர்த்து நிரப்புங்கள்.

கேள்வி: திருச்சியில் இருக்கும் தம்பிக்கு ஒரு கிட் அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். அயர்லாந்தில் சொந்தக் குடிப்புக்குப் பீர் காய்ச்சினால் வரி இல்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவதே குற்றம். தம்பி இங்கே வரும்போது ஒரு பாட்டில் எடுத்து வையுங்கள்.