வாஷிங்டன்: ஓர் ஊர்ப்பெயர் போன தூரம்

ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் ஒன்றை எடுத்துப் பேசலாம், கேள்வி கேளுங்கள் என்று சொன்னதும் பெரும்பாலானவர்கள் கேட்டது வாஷிங்டனைப் பற்றித்தான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

திருச்சி வாசகர்: வாஷிங்டன் என்றால் என்ன பொருள், சார்? துணி வெளுப்பதோடு சம்பந்தம் உண்டா?

இல்லை. கடைசியில் வரும் 'டன்' பழைய ஆங்கிலத்தில் வேலி போட்ட பண்ணை. பிறகு ஊர் என்றே ஆனது. நடுவில் உள்ள 'இங்' என்றால் 'இன்னாரைச் சேர்ந்த'. முதல் பகுதி ஹ்வாசா என்ற ஆளின் பெயர் என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். நம் பக்கம் ஆள் பெயரோடு பட்டி, பாளையம் சேர்வது போலத்தான். ஊர் இங்கிலாந்தின் வடகிழக்கில், பழைய டர்ஹாம் பகுதியில் இருக்கிறது. தெற்கே சஸெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் உண்டு. ஆனால் அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்பம் வடக்கத்தி ஊரைச் சேர்ந்தது.

மதுரை வாசகர்: ஊரின் பெயர் எப்படிக் குடும்பத்துக்கு ஒட்டியது?

ஒரு நிலப் பரிமாற்றத்தால். 1183-இல் டர்ஹாம் பிஷப் தன் நிலங்களை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். போல்டன் புத்தகம் என்று அதைச் சொல்வார்கள். ஹார்ட்பர்ன் ஊர் வில்லியம் தன் நிலத்தைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக வாஷிங்டனைப் பெற்றார், ஆண்டுக்கு 4 பவுண்டு கட்டுகிறார் என்று அதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் நிலம் வைத்திருப்பவரை நிலத்தின் பெயரால்தான் அழைப்பார்கள். நிலம் மாறியதும் பெயரும் மாறிவிட்டது. அந்தப் பரிமாற்றம் நடக்காமல் இருந்திருந்தால் அமெரிக்கத் தலைநகரின் பெயர் ஹார்ட்பர்னாக இருந்திருக்கும்! எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் ஆச்சரியம் தீருவதில்லை.

எழுத்து உடனே நிலைபெறவில்லை. 1416 முதல் 1446 வரை டர்ஹாம் மடத்தின் தலைவராக இருந்த ஜான், வெஸ்ஸிங்டன் என்றே அறியப்பட்டார். பழைய ஆவணங்களில் தேடுகிறவர்கள் ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு உட்காரக் கூடாது.

கோவை வாசகர்: அமெரிக்காவுக்கு யார், எதற்காகப் போனார்கள்?

குடும்பத்தின் ஒரு கிளை முதலில் லங்காஷயருக்கு நகர்ந்தது. அங்கிருந்து வந்த லாரன்ஸ் வாஷிங்டன் கம்பளி வியாபாரத்தில் பணம் சேர்த்து நார்தாம்ப்டன் மேயரானார். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி மடாலயங்களை மூடி நிலங்களை விற்றபோது, 1539-இல் சல்கிரேவ் பண்ணையை வாங்கினார். அவர் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது.

அவருடைய கொள்ளுப்பேரனும் லாரன்ஸ்தான். எஸெக்ஸில் பர்லீ என்ற ஊரில் பாதிரியார். உள்நாட்டுப் போரின்போது, 1643-இல், நாடாளுமன்றத் தரப்பு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. மதுக்கடையே கதியென்று கிடக்கிறார் என்பது குற்றச்சாட்டு. அரசர் பக்கம் நின்ற பாதிரியார்கள் பலர் மீதும் அப்போது இப்படிக் குற்றம் சாட்டினார்கள். குடும்பம் நொடித்துப் போனது.

மகன் ஜான் புகையிலை ஏற்றப் போன கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். 1657-இல் வர்ஜீனியாவின் பொட்டோமாக் ஆற்றில் கப்பல் தரைதட்டியது. அது சரியாகிக் கிளம்பியபோது ஜான் ஏறவில்லை. அந்தப் பக்கத்து நிலக்கிழார் ஒருவரின் மகள் ஆன் போப்பைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். 1732-இல் பிறந்த ஜார்ஜ், அவருடைய கொள்ளுப்பேரன்.

சேலம் வாசகர்: அதிபரின் நேரடி வாரிசுகள் இப்போது இருக்கிறார்களா?

இல்லை. ஜார்ஜுக்குப் பிள்ளைகள் கிடையாது. உடன்பிறந்தவர்கள் வழியில் இருக்கிறார்கள்.

டல்லாஸிலிருந்து ஒரு வாசகர்: நான் பார்த்த வாஷிங்டன்கள் எல்லாருமே கறுப்பினத்தவர்கள். அவர் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் வம்சமா?

நீங்கள் பார்த்தது தற்செயல் இல்லை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் இந்தப் பெயர் கொண்டவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் கறுப்பினத்தவர்கள். ஆனால் எசமானின் பெயரை அடிமைகள் அப்படியே சுமந்தார்கள் என்ற நினைப்பு பெரும்பாலும் தவறு. 1799-இல் ஜார்ஜின் மவுண்ட் வெர்னான் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். ஜார்ஜ் உயிலில் விடுதலை கொடுத்த வில்லியம் லீயின் குடும்பப் பெயர் வாஷிங்டன் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

1865-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு, விடுதலை பெற்றவர்களுக்குப் பள்ளிக்கும் கூலிப் பட்டியலுக்கும் ஒரு குடும்பப் பெயர் தேவைப்பட்டது. பலர் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அடிமையாகப் பிறந்து, பின்னால் பெரிய கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டன் அப்படித்தான். பள்ளியில் பெயர் வாசிக்கும்போது மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருப்பதைக் கவனித்து, தன் முறை வந்ததும் 'புக்கர் வாஷிங்டன்' என்று சொன்னதாக எழுதியிருக்கிறார். வாஷிங்டன் என்பது அவருடைய வளர்ப்புத் தந்தையின் முதல் பெயர்.

எசமானின் பெயரோடு போனவரும் ஒருவர் உண்டு: ஹாரி வாஷிங்டன். ஆப்பிரிக்காவின் காம்பியா பகுதியில் பிறந்து, மவுண்ட் வெர்னானில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். 1776-இல் தப்பி, தன் எசமான் யாரை எதிர்த்துப் போரிட்டாரோ அந்தப் பிரிட்டிஷ் படையிடமே போய்ச் சேர்ந்தார். 1783-இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறிக் கனடாவின் நோவா ஸ்கோஷியா, 1792-இல் அங்கிருந்து சியரா லியோன். ஆப்பிரிக்க மண்ணுக்கே திரும்பிவிட்டார். 1800-இல் அங்கே குடியேறியவர்கள் நிலவரியை எதிர்த்துக் கிளர்ந்தபோது அதிலும் இருந்தார், நாடு கடத்தப்பட்டார். வரியை எதிர்த்த வாஷிங்டன் என்றால் எனக்கு முதலில் இவர்தான் நினைவுக்கு வருகிறார்.

சென்னை வாசகர்: அப்போ நம்ம வாஷிங்டன் சுந்தர்?

அது அவருக்கு இட்ட பெயர், குடும்பப் பெயர் அல்ல. அவருடைய அப்பா வசதியில்லாமல் கிரிக்கெட் ஆடிய காலத்தில், பக்கத்தில் வசித்த வாஷிங்டன் என்ற முன்னாள் ராணுவ வீரர் சீருடை வாங்கித் தந்து, பள்ளிக் கட்டணமும் கட்டி, மைதானத்துக்கு சைக்கிளில் கூட்டிப் போயிருக்கிறார். அந்த நன்றிக்காக மகனுக்கு வைத்த பெயர்.

டல்லாஸ் வாசகரே மறுபடியும்: என் சக ஊழியர் தன் முன்னோரைத் தேடுகிறார். எங்கே தொடங்கச் சொல்லலாம்?

1870 மக்கள்தொகைக் கணக்கில் தொடங்கச் சொல்லுங்கள். விடுதலை பெற்றவர்களைப் பெயரோடு பதிந்த முதல் தேசியக் கணக்கு அதுதான். அந்தக் குடும்பம் வசித்த கவுண்டியை (நம் மாவட்டம் போல) குறித்துக்கொண்டு 1860 கணக்குக்குப் போகலாம். அதில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் உண்டு. உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன நிறம் என்று மட்டும் வரிசையாக எழுதியிருப்பார்கள். 1870-இல் கிடைத்த வயதில் பத்தைக் கழித்து, பொருந்தும் வரியைத் தேட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. முடிந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உதவுங்கள்.