இரண்டே நிமிடத்தில் மூச்சு முட்டுகிறதே?

கேள்வி: எனக்கு 41 வயது. தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பல வருடமாகக் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன், அலுப்பே தெரியாது. கல்லூரி விடுமுறைக்கு வந்த மகள், ‘அம்மா, நீயும் ஓடு’ என்றாள். ஒரு மாதமாக அவளோடு ஓடப் பார்க்கிறேன். இரண்டு நிமிடம் தாண்டுவதில்லை. மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, வலது விலாவில் குத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை சொத்தவிளை கடற்கரைக்குப் போனால் இன்னும் மோசம். மூக்கால் மட்டும் மூச்சு விடு என்கிறாள் மகள். அப்படிச் செய்தால் பயமே வந்துவிடுகிறது. என் நுரையீரலில் கோளாறா? இந்த வயதில் ஓட்டம் வேண்டாமா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் ‘அவளோடு’ என்ற சொல். இருபது வயதுப் பெண்ணின் ஓட்டத்தை நீங்கள் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். நுரையீரலைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் வேகத்தைக் குறையுங்கள். பாதிக்குப் பாதி குறைத்தாலும் தவறில்லை.

ஒரு மணி நேரம் நடக்க முடிகிற எனக்கு இரண்டு நிமிடம் ஓட முடியவில்லையே என்று நீங்கள் குழம்புவது புரிகிறது. நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓட்டத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் முழு உடம்பையும் மேலே தூக்கிப் போட வேண்டும். அந்த வேலைக்கு உங்கள் இதயமும் தொடைத் தசைகளும் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். மூச்சு முட்டும்போது உடம்பில் ஆக்சிஜன் தீர்ந்துபோனதாகத் தோன்றும். நோயில்லாத ஒருவருக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் அப்போதும் ஏறக்குறைய இயல்பான அளவில்தான் இருக்கும். வேகம் கூடக் கூடத் தசைகளில் கரியமில வாயுவும் அமிலமும் சேர்கின்றன. அதை வெளியே தள்ளச் சொல்லி மூளை மூச்சை விரட்டுகிறது. வேகத்தைக் குறைத்தால் அந்த விரட்டலும் குறையும்.

இன்னொரு காரணம், எடுத்த எடுப்பிலேயே ஓடுவது. பேச்சிப்பாறை அணையைத் திறந்த உடனே கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுவதில்லை. அதுபோல, கால்கள் ஓடத் தொடங்கியபின் இதயமும் இரத்த ஓட்டமும் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். நீங்கள் நின்றுவிடுவது சரியாக அந்த நேரத்தில்தான். அதனால் முதல் பத்து நிமிடம் கைவீசி வேகமாக நடங்கள், பிறகு ஓடுங்கள்.

எவ்வளவு மெதுவாக? நடையிலிருந்து ஓட்டத்துக்கு உடம்பு தானாக மாறும் வேகம் மணிக்கு சுமார் 7 கிலோமீட்டர். உங்களுக்கு இப்போது அதுவே போதும். பக்கத்தில் வேகமாக நடப்பவர் உங்களைத் தாண்டிப் போனால் போகட்டும். கடிகாரம் தேவையில்லை, பேச்சுதான் அளவு. சாளைக் குழம்புக்கு என்னென்ன அரைக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டே மகளிடம் சொல்லிப் பாருங்கள். முழு வாக்கியமாகச் சொல்ல முடிந்தால் வேகம் சரி. ‘தேங்காய்… மல்லி… மிளகாய்…’ என்று ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுத்தால் அது உங்கள் வேகம் அல்ல. மகள் முன்னால் ஓடிப் போய்விட்டுத் திரும்பி வந்து உங்களோடு சேர்ந்துகொள்ளட்டும். அவளுக்கும் நல்ல பயிற்சி.

ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டு முறை செய்யுங்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள். மூச்சு வாங்கிய பிறகு நடப்பது அல்ல இது. வாங்குவதற்கு முன்பே நடைக்கு மாறிவிட வேண்டும், அதுதான் இதன் சூட்சுமம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே இந்த ஓட்ட-நடை முறையைப் புதிதாக ஓட வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே பெயர் பெற்றவர். நடுவில் நடப்பதை யாரும் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை. பேசிக்கொண்டே ஓட முடிகிறது என்றான பிறகு ஓட்டத்தை ஒன்றரை நிமிடமாக்குங்கள். அடுத்த கூட்டலுக்கு இரண்டு வாரமாவது பொறுங்கள்.

மூக்கா வாயா என்ற கவலையை விட்டுவிடுங்கள். நடைக்கு மூக்கு போதும். ஓட்டத்தில் தேவைப்படும் காற்றுக்குப் பெரும்பாலானவர்களுக்கு மூக்கு மட்டும் போதாது. வாயையும் திறந்து விடுங்கள். கவனம் வெளிமூச்சில் இருக்கட்டும். பயத்தில் மேல்மூச்சாகக் குட்டிக் குட்டியாக இழுப்பதால்தான் நெஞ்சு அடைத்த மாதிரி ஆகிறது. நன்றாக ஊதி வெளியே விட்டால் உள்மூச்சு தானாக வயிறுவரை இறங்கும். விலாவில் குத்தினால் நடைக்கு மாறி, குத்தும் இடத்தைக் கையால் அழுத்தி, சற்றே குனிந்து நீளமாக மூச்சை விடுங்கள். ஓடுவதற்கு முன் செம்பு நிறையத் தண்ணீரோ இனிப்பான காபியோ குடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திப் பாருங்கள். இரண்டு வாய் தண்ணீர் போதும்.

சொத்தவிளைக்கு இப்போதைக்குக் காற்று வாங்க மட்டும் போங்கள். கால் புதையும் மணலில் ஓடுவதற்கு, கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். ஆசைப்பட்டால் அலை நனைத்து இறுகிய ஓரத்தில் நடங்கள். உங்கள் தக்கலைப் பக்கம் ரோடெல்லாம் ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும். ஏற்றம் வந்தால் நடந்தே ஏறுங்கள். சமமான கால்வாய்க் கரையோ பள்ளி மைதானமோ கிடைத்தால் விடவேண்டாம். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் எதிர்த்து ஓடுபவர்களுக்கும் இதே கணக்குதான்: வேகம் போனாலும் மூச்சு மாறக்கூடாது. நம் மாவட்டத்தின் புழுக்கத்தில் வியர்வை காய்வதில்லை. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக இரத்தம் போவதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். பங்குனி, சித்திரையில் விடிவதற்குள் முடித்துவிடுவது நல்லது.

வயது தடையே இல்லை. ஆனால் ஒரு பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வேன். உங்கள் வயதில், குறிப்பாக மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகம் உள்ள பெண்களுக்கு, இரத்தசோகை சத்தமில்லாமல் இருக்கும். நடையில் தெரியாது, ஓட்டத்தில் மூச்சாக வெளிவரும். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். அரசு மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம். தைராய்டையும் கேட்டுப் பாருங்கள்.

ஓட்டத்தை நிறுத்தி ஐந்து பத்து நிமிடத்தில் இருமல் வந்து, நெஞ்சில் விசில் மாதிரிச் சத்தம் கேட்டால் அது ஓட்டத்தால் தூண்டப்படும் ஆஸ்துமாவாக இருக்கலாம். மருத்துவர் சொல்லும் இன்ஹேலரோடு ஓட்டத்தைத் தொடரலாம். ஆனால் நெஞ்சு வலி, கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, கண் இருட்டி மயக்கம், நின்ற பின்னும் அடங்காத தாறுமாறான படபடப்பு, படுத்தால் மூச்சுத் திணறல், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். இளம் வயதில் திடீரென்று இதயத்தால் இறந்தவர் குடும்பத்தில் உண்டென்றால், ஓட்டத்தைத் தொடங்கும் முன்பே இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

இரத்தப் பரிசோதனையை இந்த வாரமே செய்யுங்கள். அறிக்கை கைக்கு வரும்வரை உங்கள் ஒரு மணி நேர நடை அப்படியே தொடரட்டும், ஓட்டம் அதற்குப் பிறகு.