பேராயர் கோயிலில் எங்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்களா?

கேள்வி: சாந்தோமுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். அது பேராயருடைய பேராலயம் ஆயிற்றே, எங்கள் கைக்குழந்தைக்கு அங்கே ஞானஸ்நானம் கொடுப்பார்களா? வேறு பங்குக்கோயிலைத் தேட வேண்டுமா?
– ஒரு வாசகி, சென்னை-4

பதில்: தேடவே வேண்டாம் அம்மா. அதுதான் உங்கள் பங்குக்கோயில், அதாவது உங்கள் பகுதிக் கத்தோலிக்கர்களுக்கான கோயில். அங்கே பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், பேராயருக்கு எவ்வளவு சொந்தமோ, அந்தத் தெருக்காரர்களுக்கும் அவ்வளவு சொந்தம்.

பீடத்தருகே பேராயரின் இருக்கை இருப்பதால்தான் அது பேராலயம். 1606-ல் மயிலை மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) உண்டானபோதே அந்தப் பெருமை வந்துவிட்டது. இப்போது நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் 1896-ல் அபிஷேகம் ஆனது. 1952-ல் சென்னையும் மயிலையும் ஒரே உயர்மறைமாவட்டம், அதாவது பேராயரின் மறைமாவட்டம் ஆயின. பாரிமுனை அந்தோணியார் கோயில் என்று நாம் சொல்கிறோமே, அந்த அர்மீனியன் தெரு மரியன்னை ஆலயம் இணைப் பேராலயம், அதாவது இதோடு சேர்ந்த இன்னொரு பேராலயம்.

அன்றாடப் பொறுப்பெல்லாம் பேராயர் நியமிக்கும் பங்குத்தந்தைக்கு. கல்யாண ஓலை வாசிப்பது (திருமண அறிவிப்பு), படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நன்மை (நற்கருணை அப்பம்) கொண்டுபோவது, அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செபக்குழு), பிள்ளைகளின் மறைக்கல்வி எல்லாம் மற்றப் பங்குகளைப் போலத்தான். குருப்பட்டம் மாதிரி பெரிய விழா வந்தால் நம் பூசை நேரம் கொஞ்சம் முன்னே பின்னே போகும். அதில் எனக்குக் குறையே இல்லை.

காரணம், புனித வாரத்தில் நடக்கும் எண்ணெய் மந்திரிப்புப் பூசை. உயர்மறைமாவட்டக் குருக்கள் எல்லாரும் வெள்ளை உடையில் பீடத்தைச் சுற்றி நிற்பார்கள். பேராயர் எண்ணெயில் வாசனைத் தைலத்தைக் கலந்து, குனிந்து, பாத்திரத்தின் வாயில் மூச்சை ஊதுவார். பாட்டை நிறுத்திவிட்டு அந்த மூச்சுக்காகக் காத்திருப்போம். அந்தக் கிறிஸ்மா எண்ணெய்தான் எல்லாப் பங்குகளுக்கும் போகிறது. உங்கள் குழந்தையின் உச்சந்தலையில் பூசப்போவதும் அதுவே.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பழைய பங்கிலிருந்து கடிதம், உங்கள் திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு பங்கு அலுவலகத்துக்குப் போய் முதலில் குடும்பத்தைப் பதிவு செய்யுங்கள். வேறு ஏதும் வேண்டுமென்றால் அவர்களே சொல்வார்கள். ஞானப்பெற்றோராக நிற்பவர்கள் பொதுவாக 16 வயது நிரம்பி, உறுதிபூசுதல் என்ற திருவருட்சாதனத்தைப் பெற்றிருக்க வேண்டும். அப்புறம், உங்கள் தெரு எந்த அன்பியத்தில் வருகிறது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் குழந்தையோடு போங்கள்.