வாசகர் கேள்வி – பதில்: படுக்கையறையிலிருந்து புறப்பட்ட டாஃப்ட் பங்க்

கேள்வி: பிரான்ஸ் நாட்டின் டாஃப்ட் பங்க் இசைக்குழுவில் இரண்டு பேர்தான் என்று அறிகிறேன். இரண்டு இளைஞர்கள் உலகப் புகழ் பெற்றதற்குப் பெரிய நிறுவனத்தின் விளம்பர பலம்தானே காரணமாக இருந்திருக்க முடியும்? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: நிறுவனத்தின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆனால் வர்ஜின் என்ற பெரிய இசை நிறுவனம் 1996இல் அவர்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. தோமா பங்கல்தேரும் கி-மனுவேல் த ஓமெம்-கிறிஸ்தோவும் 1987இல் பாரிஸில் உள்ள லீசே கார்னோ பள்ளியில் நண்பர்களானவர்கள். 1992இல் லோரான் பிரான்கோவிட்ஸ் என்ற இன்னொரு நண்பரையும் சேர்த்துக்கொண்டு ‘டார்லின்’ என்ற கிட்டார் குழுவைத் தொடங்கினார்கள். அவர்களுடைய இசையை மெலடி மேக்கர் என்ற பிரிட்டிஷ் வார இதழ் ‘டாஃப்ட் பங்க்கி திராஷ்’, அதாவது அசட்டுத்தனமான பங்க் இரைச்சல், என்று எழுதியது. குழு கலைந்தது, பிரான்கோவிட்ஸ் பின்னாளில் ஃபீனிக்ஸ் குழுவில் சேர்ந்தார். மற்ற இருவரும் அந்த ஏச்சையே தங்கள் பெயராக எடுத்துக்கொண்டு, கிட்டாரை விட்டு மின்னிசைக் கருவிகளின் பக்கம் திரும்பினார்கள்.

1993இல் பாரிஸ் அருகே யூரோ டிஸ்னியில் நடந்த நடன இரவொன்றில், கிளாஸ்கோ நகரின் சோமா என்ற சிறிய இசை நிறுவனத்தைச் சேர்ந்தவரைச் சந்தித்துத் தங்கள் மாதிரிப் பதிவைக் கொடுத்தார்கள். சோமா 1994இல் அவர்களின் முதல் இசைத்தட்டையும் 1995இல் ‘டா ஃபங்க்’ இசைத்தட்டையும் வெளியிட்டது. பின்னதை பிரிட்டிஷ் மின்னிசைக் குழுவான கெமிக்கல் பிரதர்ஸ் போன்றவர்கள் தங்கள் நிகழ்ச்சிகளில் ஒலிக்கவிட, அதன் பிறகுதான் பெரிய நிறுவனங்களின் கவனம் இவர்கள் மேல் விழுந்தது.

அந்த நேரத்தில் அவர்கள் எடுத்த முடிவையே நான் மிகவும் மதிக்கிறேன். இருபத்திரண்டு வயதைத் தாண்டாத அவ்விருவரும் பதிவுகளின் உரிமையை விற்கவில்லை. அதைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, வெளியிடும் அனுமதியை மட்டும் வர்ஜினுக்கு அளித்தார்கள். டிஸ்கோ காலத்தில் பல வெற்றிப் பாடல்களை உருவாக்கிய பங்கல்தேரின் தந்தை தனியேல் வாங்கார்ட் இசைத் தொழிலின் நெளிவுசுளிவுகளை நன்கு அறிந்தவர். அவருடைய வழிகாட்டுதல் அவர்களுக்குக் கிடைத்தது. 1997 ஜனவரியில் வெளியான முதல் தொகுப்பான ‘ஹோம்வொர்க்’, பெயருக்கேற்ப, பங்கல்தேரின் படுக்கையறையிலேயே பதிவு செய்யப்பட்டது.

கேள்வி: ‘அரவுண்ட் த வேர்ல்ட்’ பாடலில் மூன்றே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இதில் ரசிக்க என்ன இருக்கிறது? (இசை ஆர்வலர், மதுரை)

பதில்: சொற்களை விட்டுவிட்டு, அவற்றின் கீழே ஓடும் பேஸ் கிட்டாரை மட்டும் ஒருமுறை பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். சிகாகோவின் நடன அரங்குகளில் 1980களில் உருவான ஹவுஸ் இசையில், நான்கு எண்ணிக்கைக்கும் நான்கு அடியாக முரசு மாறாமல் விழும். மாற்றம் முழுவதும் அதன் மேல் அடுக்கப்படும் ஒலிகள் எப்போது நுழைகின்றன, எப்போது விலகுகின்றன என்பதில்தான் இருக்கும். பாரிஸ் இளைஞர்கள் இதனுடன் ஃபில்டர் என்ற உத்தியை விரிவாகப் பயன்படுத்தினார்கள். உயர் அதிர்வெண் கொண்ட கூர்மையான ஒலிகளை வெட்டிவிட்டால், மூடிய கதவுக்கு அப்பால் கேட்பதுபோல இசை மங்கிவிடும். பிறகு ஃபில்டரைச் சிறிது சிறிதாகத் திறக்கும்போது, அரங்கில் நிற்பவருக்கு அந்தக் கதவு தன் முன்னால் திறப்பதாகவே தோன்றும்.

மிஷேல் கோந்த்ரி இயக்கிய காணொளி இந்த அமைப்பைக் கண்ணுக்கே காட்டிவிடுகிறது. அதில் ஒவ்வொரு நடனக் கூட்டமும் ஓர் ஒலிக்கு உரியது: ரோபோக்கள் குரலுக்கும், விளையாட்டு வீரர்கள் பேஸுக்கும், எலும்புக்கூடுகள் கிட்டாருக்கும், மம்மிகள் முரசு இயந்திரத்துக்கும் ஆடுகிறார்கள். அதைப் பார்த்த பின் பாடலைக் கேட்டால், ஒரே வரி சுழல்கிறது என்ற எண்ணம் உங்களுக்கு மறைந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: அவர்கள் ஏன் முகத்தை மறைத்தார்கள்? குழு இப்போதும் இயங்குகிறதா? (வாசகர், சேலம்)

பதில்: இசையை விட ஆள் பெரிதாகிவிடக் கூடாது என்பதில் தொடக்கம் முதலே அவர்கள் கவனமாக இருந்தார்கள். முதலில் சாதாரண முகமூடிகள்; 2001இல் வெளியான ‘டிஸ்கவரி’ தொகுப்பின் காலம் முதல் ரோபோ தலைக்கவசங்கள். 2006இல் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் ஒளிரும் பிரமிடின் உச்சியில் அந்தக் கவசங்களோடு நின்று நடத்திய நிகழ்ச்சி, மின்னிசை மேடை எப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பையே மாற்றியது.

இயந்திரங்களால் பெயர் பெற்றவர்கள் 2013இல் ‘ரேண்டம் ஆக்ஸஸ் மெமரீஸ்’ தொகுப்புக்காக கிட்டார் கலைஞர் நைல் ராஜர்ஸ் போன்ற தேர்ந்தவர்களை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து வாசிக்க வைத்தார்கள். ஒரு பாடலில், டிஸ்கோ முன்னோடி ஜோர்ஜியோ மொரோடர் தன் வாழ்க்கைக் கதையைத் தன் குரலிலேயே சொல்கிறார். 2014இல் அத்தொகுப்பு ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. 2021 பிப்ரவரி 22 அன்று ஒரு காணொளியின் வழியே தாங்கள் பிரிந்ததை இருவரும் தெரிவித்தார்கள். பங்கல்தேர் அதன் பின் ஒரு பாலே நடனத்துக்கு எழுதிய ஆர்கெஸ்ட்ரா இசையை 2023இல், தலைக்கவசம் இன்றி, தன் சொந்தப் பெயரில் வெளியிட்டார்.